ஒன்றில் தொடங்கும் பத்து

ஏப்ரல் 10, 2025

தூரத்து செர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய வைக்கும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச், அதன் 10.0 பதிப்பு நேற்று வந்துவிட்டது. டிஎஸ்ஏ என்ற பழைய கீ வகையை (கீ என்றால் உள்ளே நுழையும் சாவி) அடியோடு எடுத்துவிட்டார்கள். அது தெரிந்த கதைதான். வயிற்றைக் கலக்கியது இன்னொரு வரி: செர்வர் இனிமேல் தன் பெயரை ஓபன்எஸ்எஸ்எச்_10.0 என்று சொல்லும், 'ஓபன்எஸ்எஸ்எச்_1' போட்டுப் பின்னால் 'எதுவும் வரலாம்' என்று நட்சத்திரம் வைத்துத் தேடும் நிரல்கள் குழம்பலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

செர்வர்களில் கீயை ஏற்றும் என் ஸ்கிரிப்டில் அச்சு அசலாக அந்த வரிதான் இருக்கிறது. பதிப்பு எண் 1, 2, 3 என்று தொடங்கினால் கிழடு, டிஎஸ்ஏ கீயை அனுப்பு. 1-இல் தொடங்கும் நிஜக் கிழடு எதையும் நான் கண்ணால் பார்த்ததே இல்லை. சும்மா ஒரு முழுமைக்காகப் போட்டது. இப்போது புத்தம்புது செர்வரைக் கிழடு என்று நினைத்து, அது தூக்கி எறிந்த கீயையே கொண்டுபோய்க் கொடுக்கும்.

அம்மாவுக்குக் காலையில் சர்க்கரை 268.

ஏப்ரல் 11

சாப்பிடும் முன்பா, பின்பா என்று அக்கா போனில் சண்டை. முன்பு.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. பாயசம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "ஒரு கரண்டி தான்யா." 291. 200-க்குக் கீழே வராமல் கண் ஆபரேஷனில் கை வைக்க மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 17

கப்பலூர் மில்லில் அந்தப் பழைய சோலாரிஸ் 10 செர்வர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. கணக்கு மொத்தமும் அதில்தான். புது லேப்டாப்பின் கீயை ஏற்றப் போனால், எதிர்ப்பக்கத்தில் இலக்கணப் பிழை என்று நின்றது. போன மாதம் அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று ஸ்கிரிப்டில் இருந்த பேக்டிக்கை (`) எல்லாம் டாலர் அடைப்புக்குறியாக, $( ) என்று, மாற்றி வைத்தேன். சோலாரிஸ் 10-இன் பின்/எஸ்எச், அதாவது கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல், பழைய போர்ன் ஷெல். அதற்கு டாலர் அடைப்புக்குறி தெரியாது. அதன் வழக்கமான கிரெப்புக்கு (வரி தேடும் கட்டளை), சத்தமில்லாமல் தேடச் சொல்லும் மைனஸ் க்யூவும் தெரியாது.

இந்தப் பக்கம் என்ன ஷெல் என்று எனக்குத் தெரியும். உபுண்டு, டேஷ். அந்தப் பக்கம் கேஷெல்லோ, பிஸிபாக்ஸோ, எவனோ வைத்துவிட்டுப் போன சிஷெல்லோ, யார் கண்டது? கீ ஏற்றுவதற்கு ஓபன்எஸ்எஸ்எச்சோடு வரும் ஸ்கிரிப்டான எஸ்எஸ்எச்-காப்பி-ஐடியைத் திறந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் போகிற வரிகளில் அவர்கள் இன்னும் பேக்டிக்தான் வைத்திருக்கிறார்கள், லாகின் ஷெல் எதுவானாலும் எஸ்எச்-சைக் கூப்பிட்டு அதற்குள்தான் ஓடவிடுகிறார்கள். அழகாக இல்லை. ஆனால் எங்கே போனாலும் ஓடுகிறது. ஓபன்எஸ்எஸ்எச்சை எழுதும் ஓபன்பிஎஸ்டி ஆட்கள் தங்கள் வீட்டுக்குச் சுத்தமாக எழுத, அதை மற்ற எல்லா வீட்டிலும் ஓடவைக்க இன்னொரு கூட்டம் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் பிடிக்கும்.

போட்டதை எல்லாம் திரும்ப மாற்றினேன்.

ஏப்ரல் 22

மூன்று மணி நேரம் போனது. கீ ஏறிவிட்டது என்கிறது, ஆனால் உள்ளே விடவில்லை. அனுமதி எண்கள் 700 சரி, 600 சரி. கடைசியில் பார்த்தால், யாரோ கீகள் இருக்கும் கோப்பை நோட்பேடில் திருத்திச் சேமித்திருக்கிறார்கள். கடைசி வரியின் முடிவில் புதுவரிக்குறி இல்லை. என் புதுக் கீ பழைய கீயின் வாலில், குறிப்பு இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய கீ ஜம்மென்று வேலை செய்கிறது. புதியது அங்கே இருப்பதே செர்வருக்குத் தெரியவில்லை.

எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கடைசி எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறது. என்னுடையது பார்க்கவில்லை.

231.

ஏப்ரல் 29

மதுரை சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம். "அழகரு இந்த வருசம் என்ன பட்டுல வர்றாருன்னு நானே பாத்துச் சொல்றேன்" என்கிறாள் அம்மா. பச்சை என்றால் மழை, விளைச்சல். சிவப்பை அவள் வாயால் சொல்லக்கூட மாட்டாள்.

மே 3

178!! செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரிக்கு முந்தின வரியோடு நின்றாள், அதுவும் பாதி மனப்பாடம் என்று எனக்குச் சந்தேகம்.

மே 6

ஆபரேஷன் முடிந்தது. இருபது நிமிடம்கூட இல்லை.

மே 8

திருக்கல்யாணம். டிவி முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். சொட்டு மருந்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன். தூசியிலும் கூட்டத்திலும் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அக்கா சொல்லட்டும்.

மே 10

வரியை மாற்றினேன். 1-க்குப் பின்னால் ஒரு புள்ளி. அவ்வளவுதான், ஒரே ஒரு புள்ளி. இதற்கு ஒரு மாதம். பிறகு யோசித்தேன், வயதைக் கேட்பதே தப்பு. டிஎஸ்ஏ பகுதியையே தூக்கிவிட்டேன். எட்25519 என்ற புது வகைக் கீயை ஒத்துக்கொள்ளாத கிழடுகளுக்கு ஆர்எஸ்ஏ வகை போதும். கடைசி எழுத்துச் சோதனையும் போட்டாயிற்று. தூங்கப் போய்விட்டு எழுந்து வந்து, புதுவரிக்குறியை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

மே 11

எதிர்சேவை. நாளை அழகர் வைகையில் இறங்குகிறார். அக்கா மூன்றுமாவடிக்குப் போய்விட்டாள், சொல்லாமலே.

மில்லில் இருந்து அண்ணன் போன். அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு மெஷினில் ஆர்ச் லினக்ஸ் போட்டிருக்கிறான். அதில் ஓபன்எஸ்எஸ்எச் 10.0. கீ ஏறவில்லையாம். ஏறாது, அவர்களிடம் இருப்பது என் ஸ்கிரிப்டின் பழைய பிரதி. அனுப்புகிறேன் என்றேன். "தம்பி, நீங்களே வந்து பாத்துருங்க" என்கிறார். இன்றைக்கு எந்தப் பாலம் திறந்திருக்கும்?

அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் பார்க்கிறாள். "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்யா?"

அலாரம் அடிக்கிறது.