அம்மாவின் இடுப்பு மூட்டு: 15 வருடம் கழித்து

வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று பேச்சு வந்தால் உறவுக்காரர்கள் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எத்தனை வருஷம் தாங்கும்?"

அம்மா 2007ல் வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்து, மூன்று ஸ்க்ரூ போட்டார்கள். அந்த இடம் உடைந்தால் மேலே இருக்கிற பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமும் அறுந்துவிடலாம். அம்மாவுக்கு அதுதான் நடந்தது. ஒன்றரை வருடத்தில் பந்து பட்டுப்போய் நொறுங்கி, கால் 2 செ.மீ. குட்டையாகிவிட்டது. 2009ல் மூட்டையே மாற்றினார்கள்: செயற்கைப் பந்து, அது சுழல இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் உறை. பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றி, இறுகிப்போன தசைகளை விடுவித்து, காலையும் நீளமாக்க வேண்டியிருந்ததால் சாதாரண கேஸைவிட ரொம்ப நேரம் ஆனது.

தாங்கும் காலத்துக்குக் கணக்கு இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழில் 2019ல் வந்த ஆய்வு, ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து, 100 இடுப்பு மூட்டுகளில் 58 போல 25 வருடம் நிற்கும் என்றது. ஆனால் அது மூட்டுத் தேய்மானத்துக்காகச் செய்தவர்களின் கணக்கு. சிக்கலான கேஸ்களை மட்டும் பார்த்த ஆய்வுகளை அதில் சேர்க்கவில்லை. அம்மா மாதிரி ஏற்கெனவே ஒருமுறை கத்தி பட்ட இடுப்புக்கு அந்த 58ஐ அப்படியே சொல்லிவிடக் கூடாது.

அம்மா நன்றாகத்தான் இருந்தார். தரையில் உட்காரக் கூடாது என்று சொன்னதால் அரிவாள்மனை பரணுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து கத்தியால் காய் நறுக்கப் பழகினார். வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். நான்கு வருடம் ஒழுங்காக எக்ஸ்ரேக்குப் போனோம். அப்புறம், "வலியே இல்லையேப்பா, எதுக்கு அலையணும்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த "சரி"க்காக இன்றும் வருந்துகிறேன்.

2020ல் சிறுநீரகக் கல்லுக்காக வயிற்றை எக்ஸ்ரே எடுத்தபோது ஓரத்தில் இடுப்பும் விழுந்திருந்தது. பார்த்த டாக்டர் பேனா முனையால் காட்டினார்: கிண்ணத்தின் நடுவில் இருக்க வேண்டிய பந்து மேல்பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தது. கிண்ணத்துக்கு மேலே எலும்பில் கறுப்பாக இரண்டு குழி. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்கிறது, அதை விழுங்க வருகிற செல்கள் தூண்டிவிடுவதால் எலும்பு கரைகிறது. இது நடக்கும்போது பெரும்பாலும் வலிக்காது, கிண்ணம் ஆட ஆரம்பித்தால்தான் வலிக்கும், அதற்குள் பிடித்து நிறுத்தப் போதுமான எலும்பு மிச்சம் இல்லாமல் போகலாம்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. இந்த ஆபரேஷனை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம்தான் வைத்தார். அது சில வருடங்களிலேயே தேய்ந்து திசுக்களைப் புண்ணாக்கியது. நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தோற்றுப்போன பிறகு 1962ல் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். 1990களின் கடைசியில் இருந்து வருகிற கெட்டிப்படுத்தப்பட்ட பாலிஎத்திலீன் இன்னும் குறைவாகத்தான் தேய்கிறது. அம்மாவுக்கு வைத்தது பழைய வகை. எந்த வகை என்று 2009ல் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது போன் போடுகிறவர்களிடம் பிளாஸ்டிக் என்ன வகை, பந்தின் அளவு என்ன என்று கேட்டு, செயற்கை மூட்டின் பெட்டியில் வரும் ஸ்டிக்கரையும் பத்திரமாக வாங்கி வையுங்கள் என்கிறேன். பின்னாளில் உள்பகுதியை மட்டும் மாற்ற அந்த ஸ்டிக்கர்தான் உதவும்.

அம்மாவுக்குக் கிண்ணம் ஆடவில்லை. 2021ல் உள் பிளாஸ்டிக்கையும் பந்தையும் மட்டும் மாற்றி, குழிகளில் எலும்புத் துகள் நிரப்பினார்கள். ஆனால் ஒரே இடத்தை மூன்றாவது தடவை அறுத்ததில் பக்கவாட்டுத் தசை தளர்ந்துவிட்டது. அந்தக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே இறங்குகிறது, நடக்கையில் உடம்பு சாய்கிறது. எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாத விஷயம் இது. தினமும் ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்குகிறார், பத்துப் பத்தாக மூன்று தடவை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன். கைத்தடி மட்டும் இன்னும் விடவில்லை.

அடுத்த எக்ஸ்ரே தை மாதம். பீரோவில் இருக்கும் 2021 பிலிமையும் எடுத்துப் போக வேண்டும், புதுப் பந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க.