பத்தொன்பது வருடம் கழித்து போடிக்கு ஒரு ரயில்

மதுரையில் வண்டி காலியாகி, மறுபடி நகர்ந்ததும் எதிர் பெர்த்துக்காரர் போர்வையை மடித்து வைத்துவிட்டு, "தேனிக்கா, போடிக்கா?" என்று கேட்டார். போடி என்றேன். "சொந்த ஊரா?" என்றார். ஆமாம் என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. கடைசியாக நான் போடியில் படுத்து எழுந்தது 2005-ல்.

அந்த வருடம்தான் அப்பா தவறினார். குலாலர்பாளையத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, அம்மாவை என்னோடு புனேவுக்கு அழைத்துக்கொண்டேன். உறவென்று இருந்தவர்களும் திருப்பூர், மதுரை என்று ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். போய் இறங்கினால் நுழைய ஒரு வாசல் இல்லாத ஊருக்கு எப்படிப் போவது? அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

நாங்கள் புறப்பட்டது பழைய மீட்டர் கேஜ் வண்டியில். மதுரைக்கு 90 கிலோமீட்டர்தான், ஆனால் அவசரமே படாமல் போகும். பங்குனி, சித்திரையில் ஏறினால் யார் மூட்டையிலிருந்தோ பிரிந்த இலவம் பஞ்சு பெட்டிக்குள் மிதந்துகொண்டே வரும். 2010 டிசம்பர் 31-ம் தேதியோடு அந்த வண்டியை நிறுத்தினார்கள், அகலப் பாதை போடுவதற்காக. போடியில் பக்கத்து வீட்டில் இருந்தவர் போன் செய்து சொன்னபோது அம்மா அதிகம் கலங்கவில்லை. "போர்க் காலத்துல தண்டவாளத்தையே பேத்துட்டுப் போனாங்களாம்டா. அப்புறம் திருப்பிப் போடலையா?" என்றாள். உண்மைதான். இரண்டாம் உலகப் போரின்போது எடுத்த பாதையை ஐம்பதுகளில்தான் மறுபடி போட்டார்கள். தாத்தா அதை அடிக்கடி சொல்வார்.

இந்த முறையும் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு ஊருக்கு அது ரொம்ப நீளமான காலம். ரயிலுக்காகக் காத்திருக்கிற வயது எல்லாருக்கும் இருப்பதில்லை. 2022 மே மாதம் தேனி வரைக்கும் வண்டி விட்டதும், "போவமாம்மா?" என்று கேட்டேன். "போடிக்கே விடட்டும். தேனியில எறங்கி பஸ் ஏறவா அம்புட்டுத் தூரம் போறது?" என்றாள். 2023 பிப்ரவரியில் அம்மா போய்விட்டாள். ஜூன் 15-ம் தேதி போடிக்கு ரயில் வந்தது. நடுவே நான்கே மாதம்.

சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வண்டி இருக்கிறது. சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக வருகிறது. 2024 அக்டோபரில் அலுவலக வேலையாகச் சென்னை வந்தவன், வெள்ளிக்கிழமை ராத்திரி அதில் ஏறிவிட்டேன்.

உசிலம்பட்டி தாண்டியதும் கதவருகே போய் நின்றுகொண்டேன். ஆண்டிபட்டிக் கணவாய் வருகிற இடம் அது. இரண்டு பக்கமும் குடைந்த பாறை. நீர் கசிந்து கறுத்த கல், கைக்கு எட்டுகிற தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. பாறை முடிந்ததும் சட்டென்று வெளிச்சம், வரிசையாகக் காற்றாலைகள், அதற்குப் பின்னால் மேற்கு முழுக்க மலை. சின்ன வயதில் மதுரைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், இந்த இடத்தில் அம்மா மடியில் இருக்கிற பையை ஒருதரம் சரிசெய்துகொள்வாள். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்பதற்கு அவளுடைய அடையாளம் அது. இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தாலும் சரி.

ஒன்பதரை வாக்கில் போடி. நல்ல மழை பெய்து விட்டிருந்தது. புது நடைமேடை, புதுக் கூரை. பரமசிவன் மலைக் கோயில் மட்டும் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு மாடிக் கட்டடம், கீழே மெத்தைக் கடை. வாசலில் இலவம் பஞ்சுத் தலையணைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

சாயங்காலம் வரை நேரம் இருந்ததால் போடிமெட்டுக்குப் போய் வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். 17 கொண்டை ஊசி வளைவு, வழியில் புலியூத்து அருவி, மழைக்கு நன்றாக விழும். ஆனால் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் அந்த வாசம் வந்துவிட்டது.

ஏலக்காய் வாசம் என்றால் பாயசத்தில் வருகிற வாசம் இல்லை. மூட்டை மூட்டையாகக் காய் கொட்டிக் கிடக்கிற அறையிலிருந்து வருவது. கொஞ்சம் கற்பூரம் மாதிரி, கொஞ்சம் சாக்கு மாதிரி, மூக்கின் மேல் பக்கத்தில் போய் உட்காரும். மேலே கேரளத் தோட்டங்களில் பறித்து, உலர்த்திய காய் இங்கேதான் இறங்குகிறது. மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் ஏலமும் போடியில் நடக்கிறது. 2019-ல் ஒரு கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போனதாகச் செய்தி வந்தபோது அம்மா வாயடைத்துப் போனாள். அவள் இருபது வருடம் கடையில் உட்கார்ந்து, தரம் பிரித்துக் காய் பொறுக்கியவள். கூலி கிலோ கணக்குதான். சாயங்காலம் வீடு திரும்பினால் முந்தானை முழுக்க அதே வாசம். பள்ளிக்கூடத்தில் என் நோட்டுகளிலும் அது இருந்தது.

அந்த ஏலக்காய்க் கடை வாசலில் நின்று, அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டேன். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த வயதான அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவ மகனா? வா சாமி, உள்ள வா." என்னை எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். "நிக்கிற நெலை அவளோடதுல்ல."

அம்மா தவறியதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் அழவில்லை. கையிலிருந்த காயைச் சுளகில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தன் பக்கத்தில் இருந்த சாக்கைத் தட்டி, "இதுலதான் உக்காருவா" என்றார். அதே சாக்கு இல்லை, அதே கடையும் இல்லை. அம்மா இருந்தபோது வேறொரு கடை. ஆனால் நான் உட்கார்ந்தேன்.

சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு என்று அளவு பிரித்த காய். இனி கண்ணும் விரலும்தான். வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், சொறி விழுந்தது ஒரு பக்கம். நல்ல பச்சை மட்டும் சுளகில் தங்க வேண்டும். பெரியம்மாவின் கை பார்க்காமலேயே ஓடியது. நடு விரலால் உருட்டி, கட்டை விரலால் தள்ளுகிறார். நிறம் பார்த்துப் பிரிக்க இப்போது மெஷின் வந்துவிட்டதாம். "இருந்தாலும் எங்களையும் கூப்புடுறாக" என்றார். பேரன் கோயம்புத்தூரில் படிக்கிறானாம். முட்டி வலியாம். அம்மா மதியச் சோற்றில் எப்போதும் ஒரு உருண்டை இவருக்கு எடுத்து வைப்பாளாம். அது எனக்குத் தெரியாது.

நானும் ஒரு கை அள்ளி முன்னால் போட்டுக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தேன். பள்ளி விடுமுறையில் செய்த வேலைதான், விரலுக்கு மறக்கவில்லை என்று நினைத்தேன். வெளியே மறுபடி தூறல் பிடித்தது. போடிமெட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அரை மணி நேரத்தில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது.

பெரியம்மா எட்டிப் பார்த்தார். என் குவியலைக் கையால் ஒருதரம் பரப்பினார். அதிலிருந்து மூன்று காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காம்புப் பக்கம் முடி அகலத்துக்கு வெடிப்பு. "உங்கம்மா இத விட்டிருக்க மாட்டா, சாமி" என்றார்.