சாய்ஸ் லாக் பண்ணும் முன்

நவம்பர் 10

காலை 8 மணிக்கு முடிய வேண்டிய நைட் டூட்டி பத்தேகாலுக்கு முடிந்தது. மாற்றி விட வேண்டியவர் வரவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாதம் டிபன் பாக்ஸில் புளித்துப்போயிருந்தது. ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இப்போது டூட்டி டாக்டர். பி.ஜி. (மேற்படிப்பு) கவுன்சலிங்கில் துறையும் கல்லூரியும் தேர்ந்தெடுத்து லாக் பண்ணும் வரைக்கும் இதுதான்.

நவம்பர் 11

வீட்டில் ஒரே பேச்சு, டெர்மா, அதாவது தோல் மருத்துவம். "பருவுக்காக ராத்திரி யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க கண்ணு" என்கிறார் பெரியம்மா. தப்பில்லை. ஆனால் பெரியம்மாவுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும். டெர்மாவும் ரேடியாலஜியும் என் ரேங்க் வரும் முன்பே தீர்ந்துவிடும். எட்டுவது ஓ.ஜி., அதாவது பிரசவமும் மகளிர் மருத்துவமும். அது எனக்குப் பிடித்தும் தொலைத்திருக்கிறது, அதுதான் சிக்கல்.

நவம்பர் 13

ஓ.ஜி. முதல் வருடம் படிக்கும் சீனியர் அக்காவுடன் பேசினேன். காலையில் உள்ளே போனால் மறுநாள் சாயங்காலம்தான் வெளியே. பி.ஜி. படிக்கும் டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று மத்திய அரசு 1992-லேயே எழுதிவைத்ததைச் சொன்னேன். "48-ஆ? அது எனக்குப் புதன்கிழமையே முடிஞ்சிடும்" என்று சிரித்தார். பிறகு ஒரு நல்ல யோசனை சொன்னார்: கல்லூரியின் பேரைப் பார்க்காதே, துறையில் எத்தனை யூனிட் (டாக்டர் குழு), யூனிட்டுக்கு எத்தனை பி.ஜி. மாணவர்கள் என்று கேள். ஆள் குறைந்தால் உன் இரவுகள் கூடும்.

நவம்பர் 16

எம்.பி.பி.எஸ். முடிவில் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) இருந்தபோது, ஒரு நாள் விடிகாலை மூன்று மணி. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த குழந்தை அழவில்லை. துண்டால் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம். அதுவரை பல்லைக் கடித்திருந்த அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அன்றுதான் அண்ணனின் நிச்சயதார்த்தம். ஆல்பத்தில் ஒரு படத்திலும் நான் இல்லை. அண்ணி இன்னமும் சொல்லிக்காட்டுவார். எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது.

நவம்பர் 18

பட்டியல் போட்டேன். மேலே இரண்டு டெர்மா, பெரியம்மாவுக்காக. அதற்குக் கீழே எல்லாம் ஓ.ஜி., பி.ஜி. அதிகமுள்ள கல்லூரிகள் முதலில். அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ராத்திரி டூட்டி நிறையவா?"

"ம்."

"அப்போ தயிர்சாதம் வேண்டாம். புளிசாதம் கட்டறேன், தாங்கும்."