சட்டைப் பையில் இருந்த போன்

கொரோனா ஊரடங்குக்கு நடுவே, 2021 ஜூன் 14-ல் 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தார்கள். தொற்று குறையாத சேலம், ஈரோடு, கோவை உள்பட 11 மாவட்டங்களில் திறக்கவில்லை. வாழப்பாடிப் பக்கத்து ஆட்கள் பைக்கில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய் வாங்கிவந்தார்கள். ஜூன் 22-ல் அப்படித் திரும்பிய ஒரு சின்னக் கடைக்காரரை, பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் போலீஸ் லத்தியால் அடித்தது. மறுநாள் இறந்துபோனார். சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். சாத்தான்குளம் நடந்து சரியாக ஒரு வருஷம்.

யாரோ ஒரு போலீஸ்காரரின் கோபம் என்று இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. லத்தி யார் முதுகைத் தேடிப் போகிறது? காரில் போனவர்களை யாரும் அடித்துப் பார்க்கவில்லையே.

கை ஓங்காமலே ஆளைச் சிதைக்கும் ஏற்பாடுகளைக் ‘கட்டமைப்பு வன்முறை’ என்று 1969-லேயே எழுதினார் நார்வே சமூகவியலாளர் யோஹான் கால்டுங். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஊரடங்கில் தறி நின்றதும் சனிக்கிழமைக் கூலி நின்றது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ராத்திரியானால் புருஷனிடம் அடி. “பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கக்கா” என்றேன். “போன் அவர் சட்டைப் பையில இருக்கு கண்ணு” என்றார்.

ஸ்பெயினில் 2020-ல் வீட்டில் அடிபடும் பெண் மருந்துக்கடையில் ‘முகக்கவசம் 19’ என்று ரகசியச் சொல்லாகச் சொன்னாலே உதவி வந்தது. நம் ஊரில் ஊரடங்கிலும் அக்கா தனியாகப் போய்வந்த ஒரே இடம் ரேஷன் கடை. புகார் வாங்கும் ஆளை அங்கே உட்கார வைத்திருக்க வேண்டும்.