எனக்குப் புதுசு, ஊருக்குப் பழசு

"தம்பி, இன்னும் பழைய ஃபீஸ்தான் காட்டுது." திங்கள்கிழமை காலையில் இசைப்பள்ளி மேடம் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. பள்ளியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது நான்தான். வெள்ளிக்கிழமையே அதில் கட்டணத்தை 4,500 ரூபாயிலிருந்து 6,000 ஆக்கி, அப்டேட் கொடுத்து, பக்கத்தைத் திறந்தும் பார்த்திருந்தேன். பிரவுசர் பக்கத்தைப் புதிதாக எடுக்கட்டும் என்று, "கண்ட்ரோல் எஃப்5 அழுத்துங்க மேடம்" என்றேன். அது தப்பான பதில்.

சைட்டை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் லாகின் செய்திருப்பவருக்குப் பெரும்பாலும் கேச் நகலே, அதாவது வேகத்துக்காக முன்பே சேமித்து வைத்த பக்கமே, போகாது. பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாராகி வரும். அதனால் எனக்கு 6,000, ஊர் முழுக்க 4,500. எதை மாற்றினாலும் லாகின் இல்லாத வேறு போனில், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும்.

இந்த நகல்களைக் கவனிக்க வேர்ட்பிரஸில் சேர்த்திருந்த துணை மென்பொருளான கேச் பிளகினில் எல்லாவற்றையும் அழித்தேன். மாற்றமில்லை. பிளகினையே நிறுத்தினேன். அப்போதும் 4,500. சைட்டுக்கு சர்வர் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சப்போர்ட்டில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, பிரவுசர் கேச்சை அழியுங்கள்" என்று சொல்லி சாட்டை மூடிவிட்டார்கள். அதே நேரம் பள்ளி கவுண்டரில் ஓர் அம்மா போனை நீட்டி, "உங்க சைட்லதானே போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். மேடம் அதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

செவ்வாய் மாலைதான் ஒரு பிடி கிடைத்தது. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, x=1 என்று சேர்த்துத் திறந்தேன். அப்போது அது வேறு முகவரியாகிவிடும், சேமித்த நகல் வராது. 6,000! அப்படியானால் டேட்டாபேஸ் சரி, வேர்ட்பிரஸும் சரி. வழியில் யாரோ பழைய நகலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உடனே கர்ல் என்ற கட்டளையில் அந்தப் பக்கத்தின் ஹெடர்களை, அதாவது பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகளை, மட்டும் வரவழைத்தேன். பார்ப்பவருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று பக்கங்களை வேகமாகக் கொடுக்கும் சேவையான சிடிஎன்னைப் போன மாதம் போட்டிருந்தேன், அதன் மீதுதான் சந்தேகம். ஆனால் அதன் நிலை 'டைனமிக்', அதாவது அது இந்தப் பக்கத்தைச் சேமிக்கவே இல்லை. அதற்குக் கீழே 'ஏஜ்: 437000' என்று ஒரு வரி. அது நகலின் வயது, நொடிக்கணக்கில். ஐந்து நாளுக்குக் கொஞ்சம் மேல். வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள் எடுத்த நகல்! பக்கத்திலேயே எக்ஸ்-வார்னிஷ் ஹெடரில் இரண்டு எண்கள். ஒரே எண் என்றால் பக்கம் புதிதாக வந்தது. இரண்டு இருந்தால் சேமிப்பிலிருந்து வந்தது.

ஆக, ஹோஸ்டிங்காரர்கள் சர்வருக்கு முன்னால் வார்னிஷ் என்ற கேச் மென்பொருளை வைத்திருக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்ய வேறொரு பிளகினும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஒவ்வோர் அப்டேட்டின்போதும் அது தளத்தின் பெயருக்கு 'பர்ஜ்', அதாவது பழைய நகலை அழி என்ற கோரிக்கை அனுப்பும். சிடிஎன் வந்த பிறகு அந்தப் பெயர் சிடிஎன்னின் ஐபியை, அதாவது அதன் எண் முகவரியைத்தான் காட்டுகிறது. கோரிக்கை அங்கேயே நின்றுவிட்டது. வார்னிஷுக்குப் போகவே இல்லை. பிளகினோ 'கேச் அழிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பச்சையை நம்பாதீர்கள், ஹெடரைப் பாருங்கள்.

வார்னிஷ் இருக்கும் ஐபியை சப்போர்ட்டில் குறிப்பாகக் கேட்டேன். இந்த முறை இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. பொதுவாகப் புகார் சொல்வதைவிட ஹெடரை அப்படியே காப்பி செய்து போட்டுக் கேட்டால் வேலை நடக்கிறது. அந்த ஐபியை வேர்ட்பிரஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தேன், பர்ஜ் கொடுத்தேன், மறுபடியும் கர்ல் போட்டேன்.

ஏஜ்: 0.

மேடத்துக்குப் போன் செய்தேன். அவரும் தன் போனில் பார்த்து 6,000 என்று உறுதி செய்தார். பழைய கட்டணத்தைப் பார்த்து வந்த மூன்று குடும்பங்களிடம் 4,500 மட்டுமே வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார். அந்த வித்தியாசத்தை என் பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.