செட்டிச்சிக்குத் துணை: காகிதக்கூழும் காராமணியும்

எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டிச்சி 13 வருஷமாகத் தனியாகக் கடை நடத்திக்கொண்டிருந்தாள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது பின்பக்கச் சார்ப்பின் மேல் தென்னை சாய்ந்து, அதன் கீழே இருந்த தகரப்பெட்டி நசுங்கி, பதினொரு பொம்மை போயிற்று. செட்டியாரின் தலை மூன்று துண்டு. அவர் பக்கத்திலேயே பழைய புடவைத் துணி சுற்றிக் கிடந்த செட்டிச்சிக்கு ஒரு கீறல் இல்லை. அதற்கப்புறம் வேறு செட்டியார் வாங்க அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. கடையில் ஜோடியாகத்தான் விற்பார்கள், ஜோடி வாங்கினால் இவளை என்ன செய்வது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

இந்த வருஷம் செட்டியாரை நானே செய்துவிடுகிறேன் என்று ஆடி மாதம் வாயை விட்டேன். வாயை விட்ட அன்றைக்கே இன்னொன்றும் சொல்லிவிட்டேன்: கொலுவுக்குச் சுண்டலும் நம் மொட்டை மாடிக் காராமணியில்தான். இரண்டும் எப்படி முடிந்தன என்பதுதான் இது.

முதலில் மாடி. கூத்தப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் இடம் மணல் பாங்கு, தரையில் எதுவும் சரியாக வருவதில்லை, அதனால் எல்லாம் பைகள்தான், மொத்தம் பதினெட்டு. செம்மண், தென்னைநார்க் கழிவு, மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பியது. ஜூலை 20 ஞாயிற்றுக்கிழமை, ஆடி நான்காம் நாள், ஆறு பையில் காராமணி, நான்கில் வெண்டை, இரண்டில் கொத்தவரை, ஒன்றில் புடலை, ஓரத்தில் பெரிய பையில் ஒரு பரங்கி ஊன்றினேன். மீதிப் பைகளில் போன தடவையே வைத்த மிளகாயும் கத்திரியும் இருந்தன. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதற்கு நான் பெரிதாகத் தேடவில்லை, மளிகைக் கடையில் வாங்கிய காராமணியிலேயே நல்லதாகப் பொறுக்கி ஓர் இரவு ஊறப் போட்டேன். ஐந்தாம் நாள் எல்லாம் கழுத்தை நீட்டிவிட்டன.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அசுவினி வந்தது. காராமணிக் கொடியின் குருத்தில் கறுப்பாக, யாரோ கசகசாவைக் கரியில் புரட்டி ஒட்டிவைத்தது மாதிரி. எறும்பு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தால் அசுவினி இருக்கிறது என்று அர்த்தம், எறும்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அது சும்மா தேன் குடிக்க வருகிறது. முதல் நாள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன், மறுநாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளித்தேன், நான்கு நாள் இடைவெளியில் மூன்று தடவை. இரண்டு செடி போயிற்று, மற்றவை தப்பித்தன. புடலைக்கு நுனியில் கல் கட்டித் தொங்கவிட மறந்து, இரண்டு காய் கேள்விக்குறி மாதிரி வளைந்தன. சாப்பிட ருசியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை, நறுக்கத்தான் எரிச்சல்.

பரங்கிக்குக் காலை ஏழு மணிக்குள் எழுந்து போக வேண்டியிருந்தது. ஆண் பூ நிறையப் பூக்கிறது, பெண் பூ எப்போதாவதுதான் ஒன்று, அதன் காம்பில் குட்டியாக ஒரு காய் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். மூன்றாம் மாடி உயரத்துக்குத் தேனீ சரியாக வருவதில்லை. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் தொட்டுவைக்க வேண்டும். ஒன்பது மணிக்குப் போனால் பூ மூடிக்கொண்டு கிடக்கும். நான்கு பெண் பூவில் ஒன்றுதான் நின்றது.

இனி செட்டியார்.

காகிதக்கூழ் எனக்குப் புதிது இல்லை. என் பாட்டி ஊறவைத்த செய்தித்தாளையும் வெந்தயத்தையும் உரலில் சேர்த்து இடித்து, கவிழ்த்த சட்டியின் மேல் அப்பிக் காயவைத்து, கூடை செய்வார். அப்பளம், வற்றல், காய்ந்த மிளகாய் எல்லாம் அதில்தான். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை, அந்தக் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்பார். அந்த நம்பிக்கையில் அரை கிலோ பழைய பேப்பரைக் கிழித்து, பக்கெட்டில் மூன்று நாள் ஊறப் போட்டு, தினமும் சாம்பல் நிறத் தண்ணீரைக் கொட்டி மாற்றி, நான்காம் நாள் ஒரு கொதி விட்டேன். உரல் கிடையாது, மிக்ஸிதான். கொஞ்சமாகப் பேப்பர், நிறையத் தண்ணீர், பத்து விநாடிக்கு மேல் ஓட்டக்கூடாது. நான் அரை நிமிஷம் ஓட்டி, மோட்டார் வாசனை சமையலறை முழுக்க வந்து, வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனார். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மணல் நிரப்பிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் செட்டியாரின் உடம்பு. அதன் மேல் ஒரே தடவையில் ஒன்றரை அங்குலத் தடிமனுக்குக் கூழை அப்பி, தொப்பை, மடித்த கால், கையில் தராசு என்று எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் முடித்தேன். பெருமையாக இருந்தது. மாடியில் வெயிலில் வைத்தேன். ஆகஸ்டில் இங்கே பகலெல்லாம் வெயில் கொளுத்தும், நான்கு மணிக்கு மேற்கே கறுக்கும், ஐந்து மணிக்கு இடி. தூக்கிக்கொண்டு இறங்குவது, மறுநாள் ஏற்றுவது என்று ஒரு வாரம். வெளியே மொடமொடவென்று காய்ந்திருந்தது. எட்டாம் நாள் பார்த்தால் செட்டியாரின் இடது தோளில் பச்சையாக ஏதோ. பூஞ்சை என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டு சின்ன வட்ட இலை, வெள்ளைத் தண்டு. வெந்தயம் முளைத்திருந்தது. மிக்ஸியில் அரைபடாமல் தப்பிய விதைகள் அந்த ஈரத்தில் சௌகரியமாக வேர் விட்டிருக்கின்றன. பையன் அதைப் பறித்து வாயில் போட்டு, "அம்மா, செட்டியார் கீரை நல்லாத்தான் இருக்கு" என்றான். முதுகைக் கத்தியால் கீறிப் பார்த்தேன், உள்ளே புளித்த மாவு வாடை, விரல் வைத்தால் இறங்குகிறது. அந்தச் செட்டியார் உரக்குழிக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிப் பண்ருட்டி போனேன். கடலூரிலிருந்து பக்கம்தான். பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் பேர் போன ஊர் என்று எல்லோருக்கும் தெரியும், கொலு பொம்மைக்கும் அந்த ஊர்தான், சென்னை மாட வீதிகளில் நவராத்திரிக்குக் குவியும் பொம்மைகளில் பண்ருட்டிச் சரக்கு நிறைய. ஒரு வீட்டுத் திண்ணையில் பொம்மைகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என் கதையைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த ஒரு பிள்ளையாரை எடுத்து என் காதருகே வைத்து விரல் மடக்கித் தட்டினார். மொத்துமொத்து என்றது. இன்னொன்றைத் தட்டினார். டொக் டொக்.

"தொட்டுப் பார்த்தா காய்ஞ்ச மாதிரிதாம்மா இருக்கும். காதுலதான் தெரியும். டொக்குன்னு சொல்ற வரைக்கும் அடுத்த பூச்சு போடாத."

அவர்கள் அச்சில் இரண்டு பாதியாக மெல்லிசாக வார்த்து, காய்ந்த பிறகு ஒட்டுகிறார்கள். உள்ளே காலி. அதனால்தான் பெரிய பொம்மையைக்கூட ஒரு கையில் தூக்க முடிகிறது. என்னுடையது அச்சில்லாத கைவேலை என்றதும் அவர் சொன்ன திருத்தம் மூன்று: கால் அங்குலத்துக்கு மேல் ஒரு பூச்சு கூடாது, நேர் வெயில் வேண்டாம், கூழில் சாக்பவுடர் சேர். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகிறது. யோசித்தால் எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், வற்றல் போடுகிறவளுக்கு இது தெரியாதா.

இரண்டாவது செட்டியார் செப்டம்பர் 1 அன்று தொடங்கினார். இந்தத் தடவை வெந்தயத்தை இரவு முழுக்க ஊறவைத்து நைசாக அரைத்து வடிகட்டினேன். கூடவே மைதா பசை காய்ச்சி, அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். பூஞ்சை பிடிக்காமல் இருக்க புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் போடுவது, விஷம், அதனால் அந்தப் பாத்திரமும் கரண்டியும் இனி சமையலறைப் பக்கம் வராது என்று கதவில் எழுதியே ஒட்டினேன். பிழிந்த கூழ் இரண்டு பங்கு, சாக்பவுடர் ஒரு பங்கு, சப்பாத்தி மாவு பதம் வரும்வரை பசை. ஒரு பூச்சு, ஹாலில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள், தட்டிப் பார்ப்பது, மொத்து என்றால் இன்னொரு நாள். ஆறு பூச்சுக்கு மொத்தம் பதினைந்து நாள் ஆனது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏன் இந்தம்மா பொம்மை தலையில் குட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தார்கள்.

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கூழ் காயும்போது சுருங்கும். தொப்பைக்கு உள்ளே பாட்டில் இருந்ததால் அது அளவு மாறவில்லை, தலை வெறும் கூழ் உருண்டை, அது நன்றாகவே சிறுத்துவிட்டது. பெரிய தொப்பை, எலுமிச்சை அளவு தலை. மேலே இரண்டு பூச்சு கொடுத்துத் தலையை ஒப்பேற்றினேன், அப்போது கழுத்தில் விரிசல். விரிசலை மறைக்க ஓர் உத்திராட்ச மாலை போட்டாயிற்று. சைவச் செட்டியார்.

மேலே சாக்பவுடரும் பசையும் தோசை மாவு பதத்தில் கரைத்து இரண்டு கோட்டிங், 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, வெள்ளை பிரைமர், அக்ரிலிக் கலர். வேட்டிக்கரைக்கு மட்டும் தங்கக் கலர். கண்ணைக் கடைசியாகத்தான் எழுதினேன், மகாளய அமாவாசைக்கு முந்தின ராத்திரி. வலது கண் நன்றாக வந்தது. இடது கண் எழுதும்போது கை நடுங்கிக் கொஞ்சம் மேலே போய்விட்டது. செட்டியார் யாரையோ கடன் கேட்டுவிடுவானோ என்று ஓரக்கண்ணால் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டார். அழித்து எழுதலாமா என்று கேட்டதற்கு அத்தை, "வேண்டாம்டி, கடைக்காரன் பார்வை அப்படித்தான் இருக்கும்" என்றார்.

செப்டம்பர் 21 ஞாயிறு அமாவாசை, படையல் முடிந்து சாயங்காலம் படி கட்டினோம். எங்களுடையது ஐந்து படி, இரும்பு ஸ்டாண்டின் மேல் வெள்ளை வேட்டி. பூங்காவுக்குத் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகை ஒரு வாரம் முன்னாலேயே தெளித்திருந்ததால் விரற்கடை உயரப் புல் தயார், கடுகு தெளித்த பக்கம் மட்டும் வெளிச்சம் போதாமல் வெளுத்து நீண்டுவிட்டது. தென்னங்குருத்து வாங்கி வந்து கிளி மடித்துத் தோரணம் கட்டினேன். ஏழாவது கிளியிலிருந்துதான் கிளி மாதிரி இருந்தது, முதல் ஆறும் வெட்டுக்கிளி.

செட்டியார் கடையில்தான் எனக்கு நிஜமான சந்தோஷம். வழக்கமாகக் குட்டிக் குட்டிக் கிண்ணத்தில் அரிசி பருப்பு வைப்போம். இந்தத் தடவை மாடிச் சரக்கு: பிஞ்சு வெண்டை நாலு, சிவந்த மிளகாய், கொத்தவரை நூலில் கட்டிய சின்னக் கட்டு, கேள்விக்குறிப் புடலை ஒன்று தரையோடு வளைத்து. இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றினோம், எடுத்தது எல்லாம் நேராகப் பொரியலுக்கு. புரட்டாசி என்பதால் வீட்டில் மீன் கிடையாது, கடலூரில் அது ஒரு பெரிய தியாகம், ஆக வெண்டைக்கும் கொத்தவரைக்கும் மரியாதை கொஞ்சம் கூடியிருந்தது. வெண்டையை இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் நாராகிவிடுகிறது, அப்படி முற்றியவற்றை விதைக்கு விட்டேன்.

காராமணிதான் காலை வாரப் பார்த்தது. முதல் நாள் கொலுவுக்குக் கொடியில் எல்லாம் பச்சைக் காய். விதைத்து அறுபத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, நான் போட்ட ரகத்துக்கு நெற்று காய இன்னும் பத்து நாளாவது வேண்டும் என்று கணக்குப் போடத் தோன்றவில்லை. அதனால் கடைக் கொண்டைக்கடலை, கடைப் பட்டாணி, கடை மொச்சை என்று ஓடியது. 26ஆம் தேதிக்கு மேல் நெற்றுகள் வைக்கோல் நிறத்துக்கு மாறின, மழை பிடிப்பதற்குள் மத்தியானமே பறித்து முறத்தில் போட்டேன். வெயிலில் கிடக்கும்போது தானாகவே பட்டென்று வெடித்து முறுக்கிக்கொள்ளும், அந்தச் சத்தத்துக்குப் பூனை ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தது. அக்டோபர் 1, சரஸ்வதி பூஜைக்கு நிறுத்துப் பார்த்தால் 160 கிராம். பதினாறு செடி, எழுபத்து மூன்று நாள், மூன்று தடவை வேப்பெண்ணெய், 160 கிராம். வெல்லப்பாகில் தேங்காய், ஏலக்காய் போட்டுக் கிளறி, சங்கில் மருந்து புகட்டுவது போல ஆளுக்கு இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஊரிலிருந்து வந்த காராமணியா என்று கேட்டார். ஆமாம், மேலேயிருந்து என்றேன்.

பரங்கி இன்னும் கொடியில்தான் இருக்கிறது, காம்பு காய்ந்த பிறகு பறிப்பேன்.

விஜயதசமி ராத்திரி வழக்கப்படி மரப்பாச்சியைப் படுக்கவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாகத் துணி சுற்றினோம். செட்டிச்சிக்கு என்று பெட்டியில் ஒரு குழி உண்டு, அத்தை பழைய புடவையில் மடித்து வைத்திருப்பது. செட்டியார் எங்கேயும் கொள்ளவில்லை, அந்தத் தொப்பை. மணலைக் கொட்ட வழியில்லாததால் கனம் வேறு இரண்டு கிலோவுக்குக் குறையாது, மற்ற பொம்மைகளின் மேல் வைக்கவும் பயம். கடைசியில் அவரைப் பீரோ மேல் ஏற்றினோம். பெட்டியை மூடப் போகும்போது அத்தை செட்டிச்சியையும் எடுத்துத் துணியைப் பிரித்து, "இவளை மட்டும் எதுக்குப் பூட்டி வைக்கணும்" என்று அவர் பக்கத்தில் வைத்துவிட்டார். உயரத்தில் செட்டியார் அவளைவிட நாலு விரல் கூட. நேற்று துடைக்கும்போது பழக்கத்தில் தலையைத் தட்டினேன். டொக் என்றார்.