நண்பகலைக் காலியாக விடுங்கள்

எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் திட்டம் போடும் வேலை என் தலையில்தான் விழும். பாலைவனத்துக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று பேச்சு எழுந்தபோது மட்டும் தம்பி முந்திக்கொண்டு ஒரு பட்டியல் அனுப்பினான். பத்து மணிக்கு ஜீப் சவாரி, பதினொன்றரைக்கு ஒட்டகம், பன்னிரண்டரைக்கு மணற்சறுக்கு, இரண்டு மணிக்கு நான்கு சக்கர பைக், ஆறு மணிக்கு அஸ்தமனம், ஆறேகாலுக்கு வண்டி கிளம்பும். கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் ‘நேரம் இருந்தால் ஓய்வு’.

பத்தரை மணியிலிருந்து மூன்றரை வரை இருந்த எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

“அக்கா, அப்புறம் மிச்சம் என்னதான் இருக்கு?”

“காலையும் சாயங்காலமும் இருக்குடா. அது போதும்.”

பழைய தமிழ் இலக்கணம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதைக் கொடுத்திருக்கிறது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல். வேனில் காலத்து உச்சி வெயில்தான் அந்த நிலத்தின் சுபாவம் என்று கணித்தவர்கள் சரியாகவே கணித்தார்கள். ஆனால் அந்தப் பொழுது பிரிவுத் துயரைப் பாடுவதற்குத்தான் பொருந்தும். குழந்தைகளையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒத்துவராது.

வானிலைச் செயலியில் ‘36 டிகிரி’ என்று பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது நிழலில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கப்படும் காற்றின் வெப்பம். நம் கால் இருப்பது காற்றில் இல்லை. ஈரானின் லூட் பாலைவனத்தில் தரையின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்திருக்கின்றன. நாம் போகும் இடம் அவ்வளவு கொடூரமாக இருக்காது. ஆனாலும் நண்பகல் மணல் என்பது வெறுங்காலுக்கும், விரல்கள் வெளியே தெரியும் செருப்புக்கும் ஏற்ற இடம் கிடையாது. கணுக்காலை மூடும் ஷூ, நீளமான காலுறை. இதில் நான் யாரிடமும் பேரம் பேசுவதில்லை.

நான் திட்டத்தைக் கடைசியிலிருந்து போட ஆரம்பிப்பேன். அன்றைய அஸ்தமனம் எத்தனை மணிக்கு, நிலா எந்த நிலையில் இருக்கிறது, முதலில் இந்த இரண்டும். நட்சத்திரம் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிய நாட்கள். மணல்மேட்டில் இருட்டிய பிறகும் நடக்க ஆசை என்றால் பௌர்ணமியை ஒட்டி. இரண்டையும் ஒரே நாளில் கேட்கக்கூடாது. தேதி முடிவானதும் அஸ்தமனத்திலிருந்து பின்னோக்கி மூன்று மணி நேரம் சாயங்காலக் கணக்கு, உதயத்திலிருந்து முன்னோக்கி மூன்று மணி நேரம் காலைக் கணக்கு. கடிகாரம் பார்க்கப் பிடிக்காத அப்பாவுக்கு வேறொரு வழி சொல்லி வைத்திருக்கிறேன்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் கூடாரத்துக்குள் வந்துவிடுங்கள். புற ஊதாக் கதிர்களின் பெரும்பங்கு அந்தக் குட்டை நிழல் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. உலர்ந்த மணல் அதில் சுமார் 15 சதவீதத்தைக் கீழிருந்து திருப்பியும் அனுப்பும். தொப்பி போட்டவர்களுக்கும் மூக்கின் அடிப்பக்கமும் தாடையும் கறுத்துப்போவது அதனால்தான்.

காலை நேரம் விளையாட்டுக்கு முன்னால் பார்வைக்கு. இது என் பிடிவாதம். பாலைவனத்து உயிர்கள் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும், விடிவதற்குள் வளைக்குள் போய்விடும். ஆனால் அவை போன வழி மணலில் எழுதி வைத்தபடி இருக்கும். வண்டு இழுத்த இரட்டைக் கோடு, பல்லி வாலின் நடுக்கோடு, நரியின் நேர்வரிசைத் தடம். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கிளம்பி எல்லாவற்றையும் அழித்துவிடும். தம்பி மகனுக்கு ஜீப் சவாரியைவிட இதுதான் பிடித்தது. ஒரு தடம் இன்னொரு தடத்தைச் சந்தித்த இடத்தில் ஒன்று மட்டும் தொடர்ந்து போயிருந்ததைக் கண்டுபிடித்து, அந்தக் கொலைக் கதையை மதியம் வரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மணல்மேட்டில் ஏறுவதற்கும் ஒரு புத்தி இருக்கிறது. பெரும்பாலான மேடுகளுக்கு இரண்டு முகம். காற்று வரும் பக்கம் சரிவு மென்மையாக, பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இருக்கும். மணலும் கெட்டிப்பட்டிருக்கும். மறுபக்கம் முப்பது முதல் முப்பத்து நான்கு டிகிரி வரை செங்குத்தாக விழும். உலர்ந்த மணல் அதற்கு மேல் சாய்ந்து நிற்காது, சரிந்துவிடும். ஏறும்போது முதல் பக்கம், இல்லையென்றால் முகட்டின் விளிம்பு. சறுக்கும்போது மறுபக்கம். நேராகச் செங்குத்துப் பக்கத்தில் ஏறப் பார்ப்பவர்கள் ஒரு அடி வைத்தால் முக்கால் அடி கீழே வருவார்கள். சறுக்குப்பலகைக்கு அடியில் மெழுகு தேய்த்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மெழுகு இல்லாத பலகை பாதியில் நின்றுவிடும், நீங்கள் மட்டும் தொடர்ந்து போவீர்கள். சிறு குழந்தைகளை உட்கார வைத்தே விடலாம். பெரியவர்களும் முதல் முறை உட்கார்ந்து போவதில் ஒரு அவமானமும் இல்லை.

சில பாலைவனங்களில் செங்குத்துப் பக்கம் மணல் சரியும்போது மேடே முழங்கும். கலிபோர்னியாவின் கெல்சோ மேடுகள், சீனாவின் பதைன் ஜரான், கத்தாரில் சில இடங்கள் இதற்குப் பேர்போனவை. மணிகள் நன்றாக உலர்ந்து, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் நடக்கும். தூரத்து விமான எஞ்சின்போல அடிவயிற்றில் உணரும்படி இருக்கும் என்கிறார்கள் கேட்டவர்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை. அதற்காகச் சரிவு கிடைத்தால் உட்கார்ந்து மணலைத் தள்ளிப் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை.

ஒட்டகத்தைப் பற்றிச் சுருக்கமாக. எழும்போது அதன் பின்னங்கால்கள்தான் முதலில் நிமிரும், நீங்கள் முன்னால் வீசப்படுவீர்கள். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடங்கும், மறுபடியும் முன்னால்தான். இரண்டு தடவையும் பின்பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஏறும் முன் மூக்குக் கயிற்றைச் சுற்றியும் சேணத்துக்கு அடியிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏறாதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் சவாரி வேண்டாம், இடுப்பு மறுநாள் பேசும்.

ஜீப்பில் மேடு தாவுவது எனக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் சலித்துவிடும் விஷயம். முதுகோ கழுத்தோ சரியில்லாதவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பதினைந்து நிமிடமும் கீழேயே இருக்கலாம். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு டயர் காற்று முக்கியம். சாலையில் முப்பதுக்கு மேல் இருக்கும் அழுத்தத்தை மணலில் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். டயர் நீளமாகப் படிந்து வண்டியின் பாரத்தைப் பரப்பும், புதையாது. அந்த நிலையில் வேகமாகத் திருப்பினால் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடலாம். புதைந்துபோனால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். மண்வெட்டியை எடுப்பதுதான் வழி. ஒற்றை வண்டியில் பாதை இல்லாத இடத்துக்குப் போகவே கூடாது. ஏற்கெனவே இருக்கும் தடத்திலேயே போவது நமக்கும் நல்லது, நிலத்துக்கும் நல்லது. சில பாலைகளில் சமதரையின் மேல் நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து பின்னிய கருநிற மேலோடு இருக்கும். மண்ணைக் காற்றில் போகாமல் பிடித்து வைப்பது அதுதான். ஒரு டயர் தடம் அதை உடைத்தால் ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இனி நான் அடித்துவிட்டு வைத்த அந்த ஐந்து மணி நேரம்.

அதை மீந்த நேரமாக எண்ணினால் வீணாகிவிடும். அதற்கும் ஏற்பாடு வேண்டும், சொல்லப்போனால் மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான். நிழலுக்கு ஒற்றைத் துணி போதாது. துணியே சூடாகி நம் தலைமேல் வெப்பத்தை இறக்கும். ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு துணிகள் கட்டினால் மேல்துணி வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், கீழ்த்துணி தணிவாக இருக்கும். பக்கவாட்டில் காற்று வரும் திசையைத் திறந்து வையுங்கள். பாய் விரிக்கும் முன் மேல்மணலை ஒரு கையளவு ஒதுக்கிவிடுங்கள். அடியில் இருக்கும் மணல் ஆச்சரியப்படும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். காற்று பலமாகிவிட்டால் மட்டும் தரையை விட்டு எழுந்து நாற்காலிக்கு மாறுங்கள். பறக்கும் மணலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான் போகும், படுத்திருப்பவர் முகத்துக்கு நேராக.

உடை தொளதொளவென்று இருக்கட்டும். வெள்ளையா கறுப்பா என்று எங்கள் வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. பாலைவனத்து பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று 1980-இல் ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. கறுப்புத் துணி கூடுதலாக வெப்பத்தை வாங்குகிறது, ஆனால் அங்கி தளர்வாக இருப்பதால் அது தோலுக்கு வருவதற்குள் காற்றோடு போய்விடுகிறது, உடம்புக்குச் சேரும் வெப்பம் வெள்ளையிலும் கறுப்பிலும் ஒன்றுதான் என்று கண்டார்கள். ஆகவே நிறத்தை விடுங்கள். இறுக்கமான டி-ஷர்ட்டைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர், குறைந்தபட்சம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வறண்ட காற்றில் வியர்வை வந்த உடனே ஆவியாகிவிடுவதால், வியர்க்கவே இல்லையே என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நடக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர். உப்பு சேர்ந்த ஏதாவது நடுவில் உள்ளே போக வேண்டும், வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான். யாராவது சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், எரிந்து விழுந்தால், கோபக்காரர் என்று விட்டுவிடாதீர்கள். குழப்பம்தான் வெப்பத்தாக்கின் அபாய அறிகுறி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் புகட்டக்கூடாது.

அத்தைக்கு என் ஏற்பாடு பிடிக்கவில்லை. “இவ்வளவு தூரம் வந்து படுத்துத் தூங்கறதா?” என்றார்.

“ஆமா அத்தை, அதுக்குத்தான் வந்தோம்.”

கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுத் தூரத்தில் தெரிந்த கானல் நீரைப் பார்க்க ஆரம்பித்தார். தரையை ஒட்டிய சூடான காற்று வானத்து ஒளியை வளைத்து நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் நாம் பார்ப்பது உண்மையில் வானத்தின் ஒரு துண்டு என்று தம்பி மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலையைத் தாழ்த்தினால் ‘ஏரி’ நம் பக்கம் நெருங்கும், எழுந்து நின்றால் விலகும். அத்தையும் அவனும் எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கைபேசிகளையெல்லாம் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டாயிற்று. பல கைபேசிகள் 35 டிகிரிக்குக் கீழே வேலை செய்யத்தான் செய்யப்பட்டவை, வெயிலில் கிடந்தால் தானே அணைந்துவிடும். யார் சொல்லியும் கேட்காத தம்பி அந்த ஒரு காரணத்துக்குக் கட்டுப்பட்டான், இருபது நிமிடத்தில் குறட்டையும் விட்டான். வண்டி ஓட்டுகிறவன் தூங்குவதுதான் இந்தத் திட்டத்திலேயே மிக முக்கியமான நிகழ்ச்சி என்று நான் நினைக்கிறேன். இரவில் திரும்பும் சாலைக்கு அவன்தான் பொறுப்பு.

நிழல் நீண்டதும் மறுபடி மேடு. அஸ்தமனத்தில் எல்லோரும் மேற்கே பார்த்துப் படம் எடுப்பார்கள். சூரியன் இறங்கியதும் நீங்கள் கிழக்கே திரும்புங்கள். அடிவானத்தில் கருநீலமாக ஒரு பட்டை எழும், அதன்மேல் இளஞ்சிவப்பாக இன்னொன்று. அந்தக் கருநீலம் பூமியின் நிழல். தடையில்லாத அடிவானம் கிடைக்கும் இடத்தில்தான் அதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியும்.

ஆறேகாலுக்கு வண்டி என்று தம்பி எழுதியிருந்தானே, அதை எட்டு மணியாக மாற்றியிருந்தேன். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கினால்தான் வானம் முழுதாக இருட்டும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கண் பழக இன்னும் இருபது முப்பது நிமிடம். கூட்டமாக வந்த வண்டிகளெல்லாம் அதற்குள் போய்விடும். ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். காற்றில் ஈரப்பதமும் மேகமும் இல்லாததால் தரையின் சூடு தடையின்றி மேலே போய்விடும், பகலில் சுட்ட இடத்திலேயே பல் நடுங்கும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டினால் பழகிய கண் கெடாது. புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, அந்த ஒளியில் தேள்கள் பச்சையாக ஒளிரும். கழற்றி வைத்த ஷூவை உதறிப் போட்டுக்கொள்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவைப்படாது.

கிளம்பும் இடம், திரும்பும் நேரம், போகும் தடம் மூன்றையும் வராத ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக்கூடாது. தேடுகிறவர்கள் கண்ணுக்கு மனிதனைவிட வண்டி சீக்கிரம் படும். வறண்ட ஆற்றுப் படுகையில் கூடாரம் போடவும் கூடாது. கண்ணுக்கெட்டாத மலையில் பெய்த மழை நம் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலேயே வெள்ளமாக வரும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். தார்ச்சாலையைத் தொட்டதும் கம்ப்ரஸரை எடுத்து டயர்களுக்குக் காற்று ஏற்றிவிட்டுத்தான் வேகம் பிடிக்க வேண்டும். தம்பி அதைச் செய்துகொண்டிருந்தபோது அத்தை ஜன்னலை இறக்கி, அடுத்த தடவை மதியத்துக்கு ஒரு தலையணையும் எடுத்துக்கலாம் என்றார்.